கம்பவுண்டர் காரும் சாக்பீஸ் வட்டங்களும்

திறந்து கிடக்கிற எதையும் பார்த்துவிட்டு கம்பவுண்டரால் சும்மா இருக்க முடியாது. அது அவர் சுபாவம். இருபத்தேழு வருஷமாக ஒரே ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து, பாட்டிலில் ஊற்றி, மூடி திருகிக் கொடுத்த கை அது. தூங்கும்போதுகூட அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ திருகிக்கொண்டுதான் இருக்கும் என்று அவர் மனைவி சொல்வார்.

வீட்டில் தண்ணீர்ப் பானைக்கு மூடி, மூடிமேல் ஒரு தட்டு, தட்டுமேல் ஒரு துணி. பேனாவுக்கு மூடி தொலைந்துபோனால் பேனாவையே தூக்கிப் போட்டுவிடுவார். யார் வீட்டுக்காவது போய் உட்கார்ந்தால், பேச்சு பாட்டுக்குப் பேச்சு நடந்துகொண்டிருக்க, அவர் கை அந்த வீட்டுச் சர்க்கரை டப்பாவை மூடிக்கொண்டிருக்கும். சர்க்கரை போட்டுக்கொள்ளாதவர்கள் யாராவது பாக்கி இருக்கிறார்களா என்றெல்லாம் அந்தக் கை பார்க்காது.

ஒரு தடவை, குக்கர் விசில் சத்தம் காதைத் துளைக்கிறது என்று அதன்மேல் ஈரத்துணியைச் சுற்றி, அதற்குமேல் கனமான ஒரு இரும்புக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டார். ஆண்டவன் புண்ணியம், அந்த நேரம் சமையலறையில் யாரும் இல்லை. வெந்துகொண்டிருந்த கிழங்கு முழுக்க மேலே போய் கூரையில் அப்பிக்கொண்டது. கிழங்கை வழித்து எடுத்துவிட்டார்கள். கறை போகவில்லை. வெள்ளையடிக்க வந்தவர் அதன்மேல் சுண்ணாம்பு பூசப் போனபோது கம்பவுண்டரின் மனைவி தடுத்துவிட்டார்.

"அது அப்படியே இருக்கட்டும். சாட்சி வேணும்," என்றார்.

கம்பவுண்டரிடம் ஒரு நீல நிறக் கார் இருந்தது. அவருடைய மகளைவிட அதற்கு நாலு வயசு அதிகம். மகள் கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். கார் போகவில்லை. போகக் கூடாது என்பதுதான் கம்பவுண்டரின் வேண்டுதலும். காரணம் வேறொன்றுமில்லை. அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பஸ் படி ஏற முடியாது. மனைவியின் அக்கா ஊரின் அந்தக் கோடியில், ஒரு மேட்டுத் தெருவில் இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருந்தார். வாடகை வண்டிக்காரர்கள் அந்த மேட்டின் பேரைச் சொன்னாலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்காவையும் தங்கையையும் ஒரே கட்டிலில் உட்காரவைத்துப் பேசவைப்பது அந்த நீலக் கார்தான். தங்கை வந்து சேரும்வரை அக்கா அன்றைக்கு வாயில் தண்ணீர்கூட வைக்க மாட்டார். வந்தபின் இரண்டு பேரும் சேர்ந்து கம்பவுண்டரைப் பற்றிச் சிரிப்பார்கள். அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டு, அங்கே இருக்கிற தைல பாட்டில்களின் மூடிகளைச் சரிபார்ப்பார்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில்தான் கார் ஒழுக ஆரம்பித்தது.

முதலில் ஒரு சொட்டு. மறுநாள் மூன்று. கம்பவுண்டர் மாடியில் குடியிருந்தார். கார் நிற்பது கீழே, வீட்டுக்காரரின் முன்வாசல் கொட்டகையில். வீட்டுக்காரர் நிலம் அளக்கிற உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அளப்பதற்கு இப்போது நிலம் இல்லாததால் கையில் கிடைத்ததையெல்லாம் அளந்துகொண்டிருந்தார். போன மாசம்தான் அந்தக் கொட்டகைக்கு வெளிர் நிறத்தில் டைல்ஸ் போட்டிருந்தார். அதில் எண்ணெய் சொட்டியதும் மனிதர் சத்தம் போடவில்லை. ஒரு சாக்பீஸ் எடுத்து வந்து சொட்டைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார். அடுத்த நாளும் எழுதினார். இரண்டு வாரத்தில் அந்தத் தரை பள்ளிக்கூடத்துக் கணக்குப் பலகை மாதிரி ஆகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் கம்பவுண்டரைக் கூப்பிட்டார்.

"கம்பவுண்டர், நீங்க நல்ல மனுஷன். உங்க கார்தான் நல்ல கார் இல்லை."

"சரி பண்ணிடறேன் சார்."

"பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை காலையில நான் பாப்பேன். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு இருந்தாலும் வண்டி வெளியே போயிடணும்."

வெளியே எங்கே போகும்? தெரு அகலம் ஒரு வண்டி போனால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அளவுதான். வெளியே என்றால் பழைய இரும்புக் கடை என்று அர்த்தம். அந்தக் கடைக்காரர் எப்படியோ மோப்பம் பிடித்து, அன்று மதியமே வந்து காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுப் போனார்.

கம்பவுண்டரின் மனைவிக்கு ஒரு தம்பி. மெக்கானிக். கெட்டிக்காரன்தான், ஆனால் வாய் ஓயாது. மனைவி சொல்லியனுப்பிய அன்றைக்கே சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். காரின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். இன்ஜின் முழுக்க எண்ணெய் வழிந்து, அதில் தூசி ஒட்டி, கருப்பாகக் குழம்பிக் கிடந்தது.

"என்ன அத்தான், இன்ஜினைக் காணோம். சேறுதான் இருக்கு."

"உள்ளே இருக்கும் மச்சான். நல்லாத் தேடிப் பாரு."

மண்ணெண்ணெயும் பழந்துணியுமாக ஒரு மணி நேரம் துடைத்தார்கள். பிறகு மெக்கானிக் மாடியைப் பார்த்துக் கூவினான்.

"அக்கா, உன் பவுடர் டப்பாவைக் கொஞ்சம் குடு."

"எதுக்குடா?"

"காருக்குப் போட."

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. துடைத்துக் காயவைத்த இன்ஜின்மேல் முகப்பவுடரைத் தூவிவிட்டு ஓடவிட்டால், எந்த இடத்தில் எண்ணெய் கசிகிறதோ அந்த இடத்தில் பவுடர் நனைந்து கோடு போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். கம்பவுண்டரின் மனைவி டப்பாவைக் கூடையில் வைத்துக் கயிற்றில் இறக்கினார். மூடி இறுக்கமாக இருந்ததால் மெக்கானிக் குறடு போட்டுத் திறக்க வேண்டியதாகிவிட்டது.

பவுடர் போட்டதும் வாசமாகத்தான் இருந்தது. ஓடவிட்டார்கள். மேலே, இன்ஜினின் தலையை மூடியிருக்கிற தகட்டின் ஓரத்தில் ஈரக் கோடு இறங்கியது.

"ஆள் அகப்பட்டுட்டான்," என்றான் மெக்கானிக். தகட்டைக் கழற்றி, எண்ணெய் கசியாமல் இருக்க அடியில் வைத்து, இப்போது காய்ந்து வெடித்துக் கிடந்த தக்கை கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்து, புதுசு வைத்து, நடுவில் இருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போல்ட்டை முடுக்கினான். மறுபடி பவுடர். தலை காய்ந்தபடியே இருந்தது. கம்பவுண்டர் ஆண்டவனுக்கு நன்றி சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை தரையில் நாலு வட்டம்.

இந்தத் தடவை கீழே. எண்ணெய்த் தொட்டியின் விளிம்பில் கசிவு. எண்ணெயை வடித்து, தொட்டியைச் சுற்றியிருக்கிற பொடிப் பொடி போல்ட்டுகளைக் கழற்றி, கேஸ்கெட் மாற்றி, புது எண்ணெய் ஊற்றி முடிக்க இரண்டு சாயங்காலம் ஆயிற்று. வியாழக்கிழமை காலை பார்த்தால் தொட்டி விளிம்பு சுத்தம். இன்ஜினின் முன்பக்கம் பெல்ட் ஓடுகிற சக்கரத்துக்குப் பின்னால், எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிற சீல் என்ற ரப்பர் வளையத்தில் கசிவு. அதையும் மாற்றினான். ஒரு இடத்தை அடைத்தால் அடுத்த இடம். மனைவியின் பவுடர் டப்பா காலியாகிக்கொண்டே வந்தது.

"என் மூஞ்சிக்குப் போட்டா அஞ்சு மாசம் வரும்," என்றார் மனைவி. "இது நாலு நாள்ல தின்னுடுச்சு. அப்படியும் கறுப்பாத்தான் இருக்கு."

"உன் வீட்டுக்காரர் கார்தானே அக்கா. அவர் மாதிரியே அடக்கமா இருக்கும்னு பாத்தா, ஊர் பூரா ஒழுகுது."

"நான் என்னப்பா பண்ணேன்?" என்றார் கம்பவுண்டர். அந்தக் கேள்வியை அவர் மனதாரத்தான் கேட்டார்.

சனிக்கிழமை மதியம் வந்தது. மெக்கானிக் காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். வெளியே வந்தவன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"இப்போ பின்னாடி ஒழுகுது அத்தான். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடம். அந்த சீலை மாத்தணும்னா கியர்பாக்ஸைக் கீழே இறக்கணும். குறைஞ்சது ஒரு வாரம். நாளைக்குக் காலையில முடியவே முடியாது."

இரும்புக் கடைக்காரர் கயிற்றோடு அப்போதே வந்து வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"அவசரமில்லை. மெதுவாப் பேசி முடிங்க," என்றார் பெருந்தன்மையாக.

கம்பவுண்டரின் மனைவி மாடிப்படியில் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். கடைசிப் படியில் உட்கார்ந்தார். புருஷன் முகத்தைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடுகிறதே.

"அக்காவுக்குப் போன் பண்ணி, நாளைக்கு வரலைன்னு சொல்லிடறேன்," என்றார். "நாளைக்கு மட்டும்னு சொல்றதா, இல்ல இனிமேலேன்னு சொல்றதா?"

கம்பவுண்டர் சும்மா நிற்க முடியாமல், இன்ஜின் பக்கம் போய், அவிழ்ந்து தொங்கிய ஒரு நூலை எடுத்து எதையோ இறுக்கிக் கட்டினார். அதை மெக்கானிக் பார்த்துவிட்டான்.

"அத்தான், என்ன கட்டறீங்க?"

"இந்த அளவுக்குச்சிதான் மச்சான்." எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று உருவிப் பார்க்கிற இரும்புக் குச்சி அது. "நீ எண்ணெய் பாக்கறப்போ அவிழ்த்துட்டு அப்படியே விட்டுடற. நான்தான் தினமும் கட்டறேன்."

"அதை எதுக்குக் கட்டணும்?"

"வண்டி ஓடறப்போ எகிறி எகிறி வெளியே வருது. எங்கேயாவது விழுந்து தொலைஞ்சுடக் கூடாதேன்னு."

மெக்கானிக் துணியைக் கீழே போட்டான்.

"எத்தனை நாளா எகிறுது?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"கட்டினப்புறம் எகிறலையே."

மெக்கானிக் காரையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தான். "குச்சி எகிறுதுன்னா உள்ளே காத்து அடைபட்டுத் தள்ளுதுன்னு அர்த்தம். அது எங்கே அடைபடும்?"

படியில் உட்கார்ந்திருந்த மனைவி தலையை நிமிர்த்தினார். இருபத்தாறு வருஷம் ஒரே கூரையின்கீழ் இருந்தவர். அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்துப் பார்த்துச் சமைத்தவர்.

"தம்பி," என்றார், "நீ காரை விசாரிச்சது போதும். இவரை விசாரி. எதை மூடினீங்கன்னு கேளு."

"நான் ஒண்ணும் மூடலையே," என்றார் கம்பவுண்டர்.

"யோசிச்சுச் சொல்லுங்க அத்தான்."

கம்பவுண்டர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இடது கதவுச் சாவித் துவாரத்துல மெழுகு வச்சேன். எறும்பு போகுது."

"அது பரவாயில்லை."

"சிகரெட் சாம்பல் போடற டப்பாவை ஒட்டிட்டேன். நாமதான் பிடிக்கறதில்லையே."

"சரி. மூடியைத் தூக்கினா உள்ளே தெரியுதே, அந்த இடத்துல?"

"அங்கே பெருசா ஒண்ணுமில்லை மச்சான். ஒரு ரப்பர் குழாய் கிளிப் உடைஞ்சு, வாயைத் திறந்துகிட்டுத் தொங்கிச்சு. புகை நாத்தம் வேற. அதை மட்டும்..."

"அதை மட்டும்?"

"இருமல் மருந்து பாட்டில் மூடி சரியா இருந்துச்சு. போட்டு, கறுப்பு டேப் சுத்திட்டேன்."

இரும்புக் கடைக்காரர்கூட கயிற்றை மடியில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். மெக்கானிக் இன்ஜினுக்குள் தலையை விட்டான். ஒரு ஓரத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது அது. ஒரு வாரமாக அவன் கண்ணெதிரே இருந்தது. மூடியும் டேப்பும் மடிப்பு இல்லாமல், பிசிறு இல்லாமல், பிறக்கும்போதே அப்படிப் பிறந்தது மாதிரி இருந்தது.

"இது கம்பெனியிலேயே போட்டதுன்னு நினைச்சேன் அத்தான்," என்றான் மெல்லிய குரலில்.

உயிர் போகிற அந்த நேரத்திலும் கம்பவுண்டருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதற்காகப் பிறகு அவர் வெட்கப்பட்டார்.

"அத்தான், அது இன்ஜின் மூச்சு விடற குழாய். உள்ளே சேர்ற புகையும் காத்தும் அது வழியாத்தான் வெளியே வரும். நீங்க அதுக்கு மூக்கையும் வாயையும் சேத்துப் பொத்திட்டீங்க. அது என்ன பண்ணும்? எங்கே இடுக்கு இருக்கோ அங்கே எண்ணெயைத் தள்ளிகிட்டு வெளியே வருது. நானும் முட்டாள் மாதிரி ஒவ்வொரு இடுக்கா அடைச்சுகிட்டு இருந்திருக்கேன்."

கம்பவுண்டர் மெதுவாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மனைவி அண்ணாந்து மேலே பார்த்தார். மேலே கொட்டகைத் தகரம்தான் இருந்தது. ஆனாலும் கம்பவுண்டருக்கு அதில் கிழங்குக் கறை தெரிந்தது.

"வண்டியை ஓடவிட்டுட்டு நீங்களே திறங்க அத்தான்," என்றான் மெக்கானிக். "மூடினவரே திறக்கட்டும்."

கம்பவுண்டர் டேப்பைப் பிரித்தார். மூடியைப் பிடித்துத் திருகினார். வாழ்நாளில் எத்தனையோ லட்சம் மூடி திருகியிருப்பார், எல்லாம் இந்தப் பக்கம். இது அந்தப் பக்கம். கடைசிச் சுற்றில் அது விரலை விட்டுத் தெறித்து ஓடியது. புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு வந்தது. அதுவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு உறுமிய இன்ஜின், வயசான மனிதர் இடுப்பு வார் தளர்த்தினது மாதிரி நிதானமாக ஓட ஆரம்பித்தது. குச்சியின் நூலை அவிழ்த்துப் பார்த்தார்கள். குச்சி இருந்த இடத்தில் சாதுவாக இருந்தது.

குழாயை உள்ளே அடைத்திருந்த கசடு போகக் கழுவி, அதன் மறுமுனையைக் காற்று வடிகட்டுகிற டப்பாவில் புதுக் கிளிப் போட்டு மாட்டினான் மெக்கானிக். பின்பக்கம் வழிந்திருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு, பவுடர் டப்பாவைக் கவிழ்த்து அடியில் தட்டினான். கடைசிப் பவுடர். அரை மணி நேரம் ஓடவிட்டார்கள். நாலு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குளிப்பாட்டிப் பவுடர் போட்ட கைக்குழந்தை மாதிரி இன்ஜின் வெள்ளையாகவே இருந்தது.

"அப்போ நான் கயித்தைச் சுருட்டிக்கட்டுமா?" என்றார் இரும்புக் கடைக்காரர்.

"சுருட்டிக்கங்க," என்றார் மனைவி. "டீ குடிச்சுட்டுப் போங்க."

அவர் டீ குடித்தார். குடித்து முடிப்பதற்குள் டம்ளரை மூடிவைக்கக் கம்பவுண்டரின் கை ஒரு தட்டைத் தேடியதை மனைவி கண்ணாலேயே தடுத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் காருக்கு அடியில் நாலு தாள் செய்தித்தாளை விரித்தார். யாரும் மாற்றிவிடக் கூடாது என்று நாலு மூலையிலும் கையெழுத்துப் போட்டார். கம்பவுண்டர் மாடியில் தன் வழக்கமான பிரார்த்தனையைச் செய்தார். அன்றைக்கு அதில் ஒரு வரி கூடுதல். நீ திறந்து வைத்ததை நான் மூடாமல் இருக்கப் புத்தி கொடு என்று கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் எழுந்து போய் ஜன்னலை மூடினார். கொசு வரும் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை காலை கம்பவுண்டரும் மனைவியும் இறங்கி வருவதற்குள் வீட்டுக்காரர் டார்ச் லைட்டோடு காருக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்திருந்தார். கம்பவுண்டருக்கு அவருடைய இரண்டு செருப்பு மட்டும் தெரிந்தது. அந்தச் செருப்புகளைப் பார்த்தே தீர்ப்பைப் படிக்கப் பார்த்தார். மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவுக்கு அவர் இன்னும் போன் பண்ணவில்லை.

வீட்டுக்காரர் பின்னோக்கி நகர்ந்து வெளியே வந்தார். நாலு தாளையும் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். மோந்து பார்த்தார்.

"இது என்ன வெள்ளையா?"

"பவுடர் சார். என் சம்சாரத்தோடது."

"எண்ணெய்?"

"நீங்கதான் சார் சொல்லணும்."

வீட்டுக்காரர் இன்னொரு தடவை பார்த்தார். கையில் சாக்பீஸ் தயாராக இருந்தது. பாவம், அதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்பார். குனிந்து, தரையில் பவுடர் சிந்தியிருந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். தேதி எழுதினார். பக்கத்தில் 'பவுடர். எண்ணெய் இல்லை' என்று எழுதி, அதன் கீழே கோடிட்டார்.

"போயிட்டு வாங்கம்மா. உங்க அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க," என்றார்.

கார் கிளம்பியது. மனைவி முன் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, அக்காவிடம் இதை எந்த இடத்தில் ஆரம்பித்துச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தார். இன்றைக்குச் சிரிக்க நிறைய இருந்தது. கம்பவுண்டர் சட்டைப்பையில் இருந்த இருமல் மருந்து மூடியை விரலால் உருட்டியபடி ஓட்டினார்.

கடைத்தெரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னால் ஒரு வெள்ளைக் கார். அதன் பக்கவாட்டில் பெட்ரோல் ஊற்றுகிற இடத்தின் சின்னக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே இருக்க வேண்டிய மூடி வெளியே ஒரு வாரில் தொங்கியது.

கம்பவுண்டர் அதைப் பார்த்தார். பார்க்காதது மாதிரி வேறு பக்கம் திரும்பினார். மறுபடி பார்த்தார்.

"வேண்டாம்," என்றார் மனைவி.

"இல்லை, நான் ஒண்ணும்..."

"இறங்காதீங்க. பச்சை விழப்போகுது."

கம்பவுண்டர் பத்து எண்ணும்வரை பொறுத்தார். அதற்குமேல் அவரால் ஆகவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடினார். மூடியைப் பொருத்தித் திருகினார். சின்னக் கதவை அமுக்கினார். வெள்ளைக் காரில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, ஒன்றும் புரியாமல் கும்பிட்டார். பச்சை விழுந்தது. பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்க, கம்பவுண்டர் வேர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்தார்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது மூடவேண்டியதுதான்," என்றார் கம்பவுண்டர். "மச்சான்கிட்ட வேணும்னா கேட்டுப் பாரு."

கார் மேட்டுத் தெருவில் ஏறத் தொடங்கியது.